கரை ஏறும் வரைக்கும்

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். தண்ணீர் குடிக்கிறீர்களா? பானைத் தண்ணீர்தான். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எப்படியும் கேட்பீர்கள். வீட்டில் என்னென்ன சாமான் என்று கேட்காத கணக்கெடுப்பு உலகத்திலேயே கிடையாது.

சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாக இருக்கிறதே என்று பார்க்கிறீர்கள். மர அலமாரி இருந்தது. கரையான் அரித்துவிட்டது, விறகுக்குக் கொடுத்துவிட்டோம். பக்கத்தில் பிளக் பாயிண்ட் எதற்கு என்றால், எலக்ட்ரீசியன் செய்த தப்பு. அந்தக் காலத்து ஆள்.

என் மனைவி வீட்டில் இல்லை. எதிர் லைனுக்குப் போயிருக்கிறாள். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை போய்விட்டு வருவாள். காலையிலும் போனாள். அதை விடுங்கள்.

உங்களை அனுப்பியது யார்? சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனம் என்றீர்கள். அடையாள அட்டையும் காட்டினீர்கள், பார்த்தேன். அட்டை அழகாக இருக்கிறது. இங்கே பஜாரில் படம் கொடுத்தால் டீ குடித்து முடிப்பதற்குள் இதைவிட அழகாக அடித்துத் தருவார்கள். உங்களைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னேன்.

உங்கள் தலைப்பை இன்னொரு முறை படியுங்கள். 'இரு குடியேறிய சமூகங்களின் பொருளாதார நல்வாழ்வு: ஓர் ஒப்பீடு.' சரி. முதல் திருத்தம். நாங்கள் குடியேறியவர்கள் அல்ல. தாயகம் திரும்பியவர்கள். அரசாங்கக் காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. என் அப்பா பிறந்ததே பர்மாவில், பார்த்தே இராத ஊருக்கு அவர் எப்படித் திரும்ப முடியும் என்று கேட்கக் கூடாது. அரசு சொன்னால் திரும்பியதுதான். முப்பது வருஷம் கிளை நூலகத்தில் இருந்தவன் நான். புத்தகத்தை அதன் தட்டில் வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. மனிதர்களும் அப்படித்தான்.

இரண்டாவது, உங்கள் ஒப்பீட்டை வேறொருவர் ஏற்கெனவே செய்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதே இரண்டு தெரு. அதே கேள்விகள். அதில் என்ன நடந்தது என்று தெரியாமல் நீங்கள் எதையும் எழுதினால் தப்பாகப் போகும். அதனால் முதலில் அதைக் கேளுங்கள். உங்கள் கேள்விகளுக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். சொல்லக்கூடியதற்குச் சொல்கிறேன்.

இந்தப் புதுவாழ்வு நகருக்கு இரண்டே தெரு. நாங்கள் இருப்பது பர்மா தெரு. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். எதிரில் இருப்பது சிலோன் லைன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தெரு என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது, தோட்டத்தில் லயத்தில், லைன் வீட்டில், இருந்த பழக்கம். நடுவில் ஒரு சிமெண்ட் சாலை, ஒரு குழாய். இரண்டு பக்கமும் அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒரே அளவு வீடு. இரண்டு பக்கத்துக்கும் பட்டா கிடையாது, இன்றுவரைக்கும் கிடையாது. எந்த நாளும் யாராவது வந்து எழுந்து போங்கள் என்று சொல்லலாம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இல்லை. எங்களை ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றுமில்லாதவர்களாக ஆக்கிக் கப்பலேற்றினார்கள். அவர்களை இரண்டு நாடும் கூடி, ஒப்பந்தம் போட்டு, பேர் எழுதி, முறையாக அழைத்து வந்தார்கள். ஒப்பந்தத்தோடு வந்தவனுக்கும் துரத்திவிடப்பட்டு வந்தவனுக்கும் வித்தியாசம் இல்லையா? எங்கள் ஆட்கள் தள்ளுவண்டியில் அத்தோ விற்றார்கள். நூடுல்ஸில் பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் போட்டுப் பிசைவார்களே, அது. எங்கள் பெண்கள் தைத்தார்கள். அவர்கள் கட்டட வேலைக்குப் போனார்கள், அப்புறம் பிள்ளைகளைத் திருப்பூருக்கு அனுப்பினார்கள். பார்த்தால் பரதேசி மாதிரி இருப்பார்கள். பார்த்தால்.

எதிர் வீட்டில் சந்தனம் என்று ஒருவன். அவனும் இன்னும் இருக்கிறான், சற்று நேரத்தில் பார்ப்பீர்கள். கொத்தனார் வேலை. அவன் மனைவி பவளம். ஒரே மகன், திருப்பூரில் பனியன் கம்பெனி. அவன் வீட்டு வாசலில் எப்போதும் அறுந்த செருப்புதான் கிடக்கும். அறுந்த செருப்பு வாசலில் கிடந்தால் நல்ல செருப்பு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மீன்காரி என் வாசலில் நிற்பதைவிட அவன் வாசலில் அதிக நேரம் நிற்பாள். பேரம் பேசுகிறார்கள் என்பாள் என் மனைவி தனபாக்கியம். வாங்க வசதி இல்லாதவன் எதற்குப் பேரம் பேச வேண்டும்? அவளுக்கு யாரைப் பார்த்தாலும் நல்லவர்களாகத் தெரியும். சர்க்கரை வியாதி, கண் கொஞ்சம் மங்கல்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். மிருணாளினி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. உங்களை மாதிரிதான் சிரித்த முகம். பர்மாவிலிருந்து வந்தவர்கள் வசதியாக இருக்கிறார்களா, சிலோனிலிருந்து வந்தவர்கள் வசதியாக இருக்கிறார்களா, ஏன், என்று ஆராய்கிறாளாம். அடுத்த திங்கட்கிழமை ஆரம்பிப்பதாகச் சொல்லிவிட்டு, பர்மா தெரு சங்கச் செயலாளர் என்ற முறையில் என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போனாள்.

எதற்கு ஆராய வேண்டும்? நான் யோசித்தேன். அந்த மாதம்தான் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. பைபாஸ் ஓரமாகப் பேருந்துப் பணிமனைக்கு இடம் பார்க்கிறார்கள். நூலகத்தில் செய்திகளை வெட்டி ஒட்டிய பழக்கம் ஓய்வுக்கு அப்புறமும் போகவில்லை என்பதால் கண்ணில் பட்டது. புதுவாழ்வு நகர் எங்கே இருக்கிறது? பைபாஸ் ஓரம். பணிமனைக்கு ஒரு தெரு அளவு இடம் போதும். எந்தத் தெருவை எடுப்பார்கள்? வசதியானவன் வேறு இடம் பார்த்துக்கொள்வான் என்று வசதியான தெருவைத்தான் எடுப்பார்கள். எது வசதியான தெரு என்று கண்டுபிடிக்க ஆள் அனுப்புவார்கள். ஆள் அனுப்பிவிட்டார்கள். இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நாலு. சங்கக் கூட்டத்தில் இதை விளக்கியபோது ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. அத்தோ கடை முனியாண்டி மட்டும், "அந்தப் பொண்ணப் பாத்தா அப்படித் தெரியலியே" என்றான். அப்படித் தெரிந்தால் அனுப்புவார்களா என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டான்.

ஆகவே எங்கள் தெரு ஏழைத் தெருவாக இருக்க வேண்டும். ஏழைத் தெருதான், ஆனால் பார்வைக்கும் இருக்க வேண்டும் இல்லையா? சாமான்களை எங்காவது கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. ரங்கூன் துறைமுகத்தில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு நகைதான் என்று அளவு வைத்திருந்தார்கள். மிச்சத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் நகை இருக்கிறவர்கள், நகை இல்லாதவர்கள் கழுத்தில் போட்டுவிடுவார்கள். அதிகாரி கேட்டால் அது என்னுடையது என்று அவர்கள் சொல்ல வேண்டும். கப்பல் மெட்ராஸ் வந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. என் அம்மா தன்னுடைய இரட்டைவடச் சங்கிலியை வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தியின் கழுத்தில் போட்டாள். எனக்கு எட்டு வயது. அவள் முகம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது, மூக்கில் சின்ன மரு. அதிகாரி கேட்டார், என்னுடையது என்றாள். நன்றாகச் சொன்னாள். மெட்ராஸில் இறங்கினோம். கூட்டம். அவ்வளவுதான், அவளைக் காணோம். அம்மா முகாமில் ஒவ்வொரு கூடாரமாகப் போய்ப் பார்த்தாள். கூட்டத்தில் நம்மைத் தவறவிட்டிருப்பாள் என்று சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். தவறவிட்டாளாம். என்னுடையது என்று சொல்லிப் பழகினவள் அதையே சொல்லிக்கொண்டு போயிருப்பாள்.

அதனால் நான் யோசித்துத்தான் செய்தேன். ஊருக்குள் சொந்தக்காரர்கள் வீட்டில் வைக்கலாம் என்றார்கள். சொந்தக்காரனிடம் போனால் திரும்பி வராது. எதிர் லைனில் வைத்தால் நம் கண் முன்னாலேயே இருக்கும். அது மட்டும் அல்ல, எங்கள் சாமானும் சேர்ந்தால் அவர்கள் வீடு இன்னும் வசதியாகத் தெரியும். இந்தக் கடைசி விஷயத்தை நான் அவர்களிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது ஒப்பீட்டுக்கு உதவும் என்பதால்.

குழாயடியில் சந்தனத்தைப் பிடித்தேன். திங்கட்கிழமை அந்தப் பெண் எங்கள் தெருவைப் பார்க்கும்போது எங்கள் சாமான் உங்கள் லைனில் இருக்கட்டும், உங்கள் முறை வரும்போது உங்கள் சாமான் எங்கள் தெருவில் இருக்கட்டும், இரண்டு பக்கமும் பிழைத்தோம் என்றேன். அவன் குடத்தை இறக்கிவைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டான்.

"வீட்டக் காப்பாத்தத்தானே லைப்ரரியண்ணே?"

ஆமாம் என்றேன்.

"அப்ப கொண்டாந்து வைங்க."

இவ்வளவுதான். எத்தனை சாமான், உடைந்தால் யார் பொறுப்பு, ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு சுலபமாக ஒருவன் ஒத்துக்கொண்டால் உங்களுக்குச் சந்தேகம் வராதா? எனக்கு வந்தது. அவனிடம் நம் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கச் சாமான் ஏதாவது இருக்கிறதா என்று நாசூக்காகக் கேட்டுப் பார்த்தேன். "ஒரு அண்டா இருக்குண்ணே, அது தூக்க முடியாது" என்றான். சாமர்த்தியசாலி.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளையடிக்கிறோம் என்று சாக்குச் சொல்லி, பட்டப்பகலில் எல்லாச் சாமானும் சாலையைக் கடந்தன. என் ஃபிரிட்ஜ், முனியாண்டி வீட்டு ஃபிரிட்ஜ், கிரைண்டர்கள், தையல் மெஷின்கள், டி.வி.க்கள். சந்தனம் வீட்டு முன் அறையில்தான் பெரும்பாலும் வைத்தோம், மகனைத் திருப்பூருக்கு அனுப்பி வெறுமையாகக் கிடக்கிற வீடு. அவனே தோள் கொடுத்துத் தூக்கினான். என் ஃபிரிட்ஜ் மேல் அன்னப்பட்சி போட்ட உறை ஒன்று இருக்கும், தனபாக்கியம் கையால் தைத்தது. அதைக் கழற்றி வாங்கிக்கொள்ளலாம் என்று கை நீட்டினேன். தூசி விழும், இருக்கட்டும் என்றாள் பவளம். உறைமேலும் கண்.

திங்கட்கிழமை மிருணாளினி வந்தாள். காலையில் எங்கள் தெருவிலேயே நாலைந்து வீடு பார்த்தாள். ஒவ்வொரு வீடும் கல்யாண மண்டபத்தைக் காலி செய்த மாதிரி இருந்தது. முனியாண்டி வீட்டில் பேசினால் எதிரொலி கேட்டதாம். என் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியையும் அனுப்பிவிட்டிருந்தோம், கொஞ்சம் அதிகப்படிதான். பாயில் உட்கார்ந்தாள். டி.வி. உண்டா, இல்லை. கிரைண்டர், இல்லை. ஃபிரிட்ஜ், இல்லை. வாரத்தில் எத்தனை நாள் மீன், மணம் பிடிப்பதோடு சரி. கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். "எதிர்ல இருக்கிறவங்க உங்களைவிட வசதியா இருக்காங்கன்னு நினைக்கிறீங்களா சார்?" நினைப்பது என்ன, தெரியும் என்றேன். போய்ப் பாருங்கள் என்று வாயில் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவர்கள் முறை புதன்கிழமை என்றுதானே நாங்கள் கணக்குப் போட்டிருந்தோம்.

அவள் எழுந்து, பைக்குள்ளிருந்து சின்னச் சின்னக் காகிதச் சுருள்கள் இருந்த ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கினாள். ஒன்றைப் பிரித்தாள். "அடுத்து எதிர் வீடு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. தெரு தெருவாகத்தானே பார்க்கிறாய் அம்மா என்றேன். காலையில் மட்டும் அப்படி வந்துவிட்டது சார், எங்கள் முறையில் வீட்டைக் குலுக்கல் போட்டுத்தான் எடுப்போம், அப்போதுதான் பாரபட்சம் இருக்காது என்றாள். குலுக்கல் முறை பற்றி நானும் படித்திருக்கிறேன். நல்ல முறை. எங்கள் நேரத்துக்கு வந்து தொலைத்தது. சொல்ல நேரமில்லை. அவள் படியிறங்கிச் சாலையைக் கடந்துவிட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

சந்தனம் வீட்டு வாசலில் அறுந்த செருப்பு. உள்ளே முன் அறையில் மனிதன் நுழைய இடமில்லை. இரண்டு ஃபிரிட்ஜ் அருகருகே. சுவரோரம் தையல் மெஷின் வரிசை. டி.வி. மேல் டி.வி. சந்தனம் ஒரு கிரைண்டர்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், இதெல்லாம் யாருடையது என்று.

சந்தனம் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒரே பார்வை. பிறகு அவளிடம் சொன்னான்.

"நம்முதுதாம்மா."

அவள் எழுதினாள். இரண்டு ஃபிரிட்ஜ் எதற்கு என்று கேட்டாள். ஒன்று சைவத்துக்கு, ஒன்று கவுச்சிக்கு என்றான். இத்தனை தையல் மெஷினா என்றாள். "மருமகளுங்க வந்தா வேணும்ல" என்றான். இருப்பது ஒரே மகன், அவனுக்கும் அப்போது பெண் பார்க்கவில்லை. இத்தனை டி.வி. எதற்கு? ஒன்றில் சீரியல், ஒன்றில் செய்தி, ஒன்றில் மேட்ச், வீட்டில் சண்டை வரக்கூடாது பாருங்கள் என்றான். கண் இமைக்காமல் சொன்னான். இப்படிச் சொன்ன ஒருத்தியை நான் பார்த்திருக்கிறேன் தம்பி. மூக்கில் மரு.

அப்புறம் அவள் என் ஃபிரிட்ஜைக் காட்டி, இது எப்போது வாங்கினது என்றாள். சந்தனம் எழுந்து வந்து, அன்னப்பட்சி உறைமேல் கையை வைத்தான். தடவிக்கொடுத்தான். "போன தீபாவளிக்கு. எம் மகன் வாங்கிக் குடுத்தான்."

என் ஓய்வுப் பணத்தில் வாங்கியது. அவன் மகனாம், தீபாவளியாம்.

"அது என் ஃபிரிட்ஜ்" என்றேன்.

ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கவனித்தேன், பிளக்கில் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே நாளில்.

"சார், உங்க வீட்ல ஃபிரிட்ஜ் இல்லேன்னு இப்பத்தானே சொன்னீங்க" என்றாள் அந்தப் பெண்.

"இங்கே இருக்கிறதால்தான் அங்கே இல்லை" என்றேன். அது சரியான பதில்தான், ஆனால் அவளுக்குப் போதவில்லை. சந்தனம் குறுக்கே வந்து, "சாருக்கு வெயில்ல நடந்தது ஒத்துக்கல, பவளம், தண்ணி கொண்டா" என்றான். என்னையே பைத்தியமாக்கப் பார்த்தான். விடுவேனா? ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தேன். உள்ளே எங்கள் வீட்டு ஙாப்பி டப்பா, பர்மாவில் எறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து இடிப்பார்களே, அது. நாற்றம் அறை முழுக்கப் பரவியது, அந்தப் பெண் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சிலோன்காரன் வீட்டில் ஙாப்பி இருக்குமா என்று கேட்டேன். அது போதாதென்று, மேல் தட்டில் தனபாக்கியத்தின் இன்சுலின் பெட்டி இருந்தது. எடுத்து, மருந்துக் கடைக்காரன் எழுதியிருந்த பேரை உரக்கப் படித்துக் காட்டினேன். அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பவளம் சொன்னாள், "ஊசி மருந்து உள்ளயே இருக்கவும் கெட்டுப் போயிருமேன்னுதான் அண்ணே ஓட்டி வச்சோம். அண்ணிதான் காலையில இங்க வந்து போட்டுக்கிட்டுப் போனாங்க."

இருக்கலாம். மருந்து ஒரு சாக்கு. பாட்டில் தண்ணீரும் நாலு வைத்திருந்தாள், அது யார் மருந்து?

என் சத்தம் சாலைக்குக் கேட்டுவிட்டது. சந்தனம் சாமான்களைத் தன்னுடையது என்று எழுதிக்கொடுத்துவிட்டான் என்று எங்கள் தெருவில் பரவியது. முனியாண்டி முதலில் ஓடிவந்தான். அடுத்து பெண்கள். என் மெஷின், என் கிரைண்டர், இது என் டி.வி., பின்னால் கீறல் இருக்கும் பார் என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அரை மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாச் சாமானும் வந்த வழியே சாலையைத் தாண்டின. எல்லாம் அந்தப் பெண்ணின் கண் முன்னால். அவள் குழாய் மேடையில் உட்கார்ந்து, எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினாள். கோபப்படவில்லை. ஒரு இடத்தில் சிரித்தாள் என்று நினைக்கிறேன். சந்தனம் வீட்டு முன் அறையில் என் ஃபிரிட்ஜைத் தவிர கடைசியில் மிஞ்சியது ஒரு அண்டா. உண்மையாகவே பெரிய அண்டா.

எங்கள் ஆட்களுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வசதியான தெரு எது என்று இப்போது ஊரறிய ஆகிவிட்டது. பணிமனை வந்தால் எங்கள் பக்கம்தான். ஒரு ஃபிரிட்ஜுக்காகத் தெருவையே காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று முனியாண்டி நடுச்சாலையில் நின்று பேசினான். சங்கத்தில் செயலாளர் பதவியை எடுத்துவிட்டார்கள். என் மனைவி என்னிடம் பேசவில்லை. யாரும் ஒன்றை யோசிக்கவில்லை: நான் அன்று வாயைத் திறந்திருக்காவிட்டால் அத்தனை சாமானும் போயிருக்கும்.

சாயங்காலம் சந்தனம் வந்தான். என் ஃபிரிட்ஜ் மட்டும் அங்கே நின்றுவிட்டது. மற்றவர்கள் அவரவர் சாமானைத் தூக்கினார்கள், என்னுடையதைத் தூக்க ஒருவரும் கை கொடுக்கவில்லை. அவனே தள்ளுவண்டியில் ஏற்றி, மருந்து சாயக்கூடாது என்று பவளம் ஒரு கையில் அதைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, கொண்டுவந்து, இதோ இந்த இடத்தில், அலமாரி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், நிறுத்தினான். உறை மடிப்புக் கலையவில்லை. நான் நேராகவே கேட்டேன். "என்னுடையது என்று ஏன் சொன்னாய்?"

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவர்கள் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தபோது நடந்ததைச் சொன்னான். அங்கேயும் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவாம். முன்பின் தெரியாத ஒருவர் தன்னிடம் இருந்த இரண்டு ரேடியோவில் ஒன்றை இவன் அப்பாவிடம் கொடுத்தாராம். அதிகாரி கேட்டபோது அப்பா என்னுடையது என்றாராம். மண்டபம் முகாமில் அந்த ஆளை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ரேடியோ இவர்களோடு வந்துவிட்டது. அப்பா அதைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருந்தாராம். வருஷக்கணக்கில் விசாரித்து, கூடலூர்ப் பக்கம் அந்த ஆள் இருப்பது தெரிந்து, பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாராம். ஒரு நாள்கூட அதைப் போட்டுக் கேட்டதில்லையாம்.

"அடுத்தவன் சாமான நம்மகிட்ட குடுத்துட்டா, கரை ஏறுற வரைக்கும் அது நம்முதுதாண்ணே. கேக்கிறவன்கிட்ட அப்படித்தான் சொல்லணும். இல்லேன்னா எதுக்கு நம்ம கையில குடுக்கிறான்?"

இதைச் சொல்லிவிட்டுத் தனபாக்கியத்திடம், அண்ணி பிளக் போட்டாச்சு என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் அன்றிலிருந்து இதை யோசித்துக்கொண்டிருக்கிறேன் தம்பி. முதலில், ரேடியோவை வருஷக்கணக்கில் வைத்திருந்து பாட்டுக் கேட்காமல் இருக்க முடியுமா? மெதுவாக வைத்துக் கேட்டிருப்பார்கள். அடுத்தது. அவன் சொன்னதை அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊரிலேயே பெரிய பணக்காரன் சந்தனம். பணிமனைக்கு முதலில் இடிக்கிற வீடு அவனுடையது. அவன் அந்தக் கூட்டலைப் போடத் தெரியாதவன் அல்ல, வீட்டைக் காப்பாற்றத்தானே என்று குழாயடியில் முதல் கேள்வியே அதுதானே கேட்டான். ஆக, எவனோ ஒருவனுடைய ஃபிரிட்ஜுக்காகத் தன் வீட்டைக் கொடுக்கத் தயாராக இருந்தான் என்று ஆகிறது. அப்படி ஒரு மனிதன் செய்வானா? செய்ய மாட்டான். செய்ய மாட்டான் என்றால் வேறு ஏதோ திட்டம் இருந்திருக்கிறது. அது என்ன என்று மட்டும் எனக்கு இன்றுவரைக்கும் பிடிபடவில்லை. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மகன் கல்யாணத்துக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைத்தான். தனபாக்கியத்துக்குச் சர்க்கரை ஏறி மயங்கி விழுந்த அன்று அவன்தான் ஆட்டோ பிடித்தான், கூடவே ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தான். ஆள் ரொம்ப ஆழம்.

பணிமனையா? வரவில்லை. நகரத்துக்கு அந்தப் பக்கம் கட்டிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் ஆய்வேடு மட்டும் வந்தது, பல்கலைக்கழக நூலகத்தில் தெரிந்தவர் மூலம் வரவழைத்துப் படித்தேன். புதுவாழ்வு நகரில் வீட்டுச் சாமான் பற்றிய தகவல்களை நம்புவதற்கில்லை என்று அடிக்குறிப்பில் தள்ளிவிட்டாள். எது வசதியான சமூகம் என்று முடிவே சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பெரிதாக எழுதியிருந்தாள். எதிரில் இருப்பவர்கள் உங்களைவிட வசதியா என்ற கேள்விக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய எல்லா வீடும் ஆமாம் என்று சொன்னதாம். சந்தனமும் அப்படித்தான் சொல்லியிருப்பான். எங்கள் பக்கம் சொன்னது உண்மை, அவர்கள் சொன்னது பொய், இந்தச் சின்ன வித்தியாசம் அவளுக்குத் தெரியவில்லை. படித்த பெண்தான்.

சரி, நேரமாகிறது. உங்கள் கேள்விகளைக் கேளுங்கள். டி.வி. இல்லை. கிரைண்டர் இல்லை. ஃபிரிட்ஜ் முதலிலேயே சொல்லிவிட்டேன். பைபாஸை அகலப்படுத்துகிறார்களாமே, பேப்பரில் பார்த்தேன். நீங்கள் அதற்காக வரவில்லை என்பீர்கள். அவளும் அப்படித்தான் சொன்னாள்.

அடுத்து எதிர் வீட்டுக்குத்தானே? குலுக்கல் போட்டீர்களோ, போடவில்லையோ, அங்கேதான் போவீர்கள். போங்கள். வாசலில் அறுந்த செருப்பு கிடக்கும். முன் அறையில் ஒரு ஃபிரிட்ஜ் இருக்கும், மேலே அன்னப்பட்சி போட்ட உறை, பழசு. யாருடையது என்று கேளுங்கள். தன்னுடையது என்பான். யார் வாங்கிக் கொடுத்தது என்றால் மகன் என்பான். எழுதிக்கொள்ளுங்கள். இந்த முறை நான் பின்னால் வர மாட்டேன்.

ஒன்று மட்டும். சரிபார்க்கிறேன் என்று கதவைத் திறந்தால், உடனே மூடிவிடுங்கள். உள்ளே மருந்து இருக்கிறது.